நட்சத்திரம் நட்சத்திரமா வந்த அலை

எழுபதுகளோட கடைசியில சிங்கப்பூர்ல நடந்தது இது. அப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு. தோ பாயோவுல வீடு, ஜாலான் புசார்ல வேலை, வாரத்துல நாலு சாயங்காலம் மாலை வகுப்பு. அந்த வகுப்பு நடந்த கட்டடத்தோட கீழ்த்தளத்துல ஒரு கம்ப்யூட்டர் ரூம் இருந்துச்சு. அதுக்கு வெளியில ஒரு சின்ன ஜன்னல். என் வாய்க்கொழுப்பு அடங்கினது அந்த ஜன்னல் முன்னாலதான்.

மொதல்ல என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை. கப்பல்ல இருக்கிற ரேடியோ, ராடார் இதையெல்லாம் ரிப்பேர் பண்ற பட்டறையில நான் டெக்னிஷியன். என் திறமை என்னன்னா, பெட்டியை எந்த இடத்துல தட்டினா மறுபடி வேலை செய்யும்னு தெரியும். ஏன் வேலை செய்யுதுன்னு கேட்டா தெரியாது. அந்த 'ஏன்'ஐத் தெரிஞ்சுக்கலாம்னுதான் மாலை வகுப்புல சேர்ந்தேன். மத்தவங்க நாலு வருஷத்துல முடிக்கிற படிப்பை நான் ஆறாவது வருஷமா ரசிச்சு ரசிச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தேன். கூடப் படிச்ச பசங்க என்னை 'அங்கிள்'னு கூப்பிட ஆரம்பிச்சப்பவே நான் எந்திரிச்சு வந்திருக்கணும். வரல. ஆறு வருஷத்துக்கு மேல ஒருத்தரையும் வெச்சுக்க மாட்டாங்க. அந்த வருஷம் புராஜெக்டை முடிச்சுக் காட்டணும், இல்லன்னா பேரை அடிச்சிடுவாங்க. ஆறு வருஷமும் போச்சு.

இது வீட்டுக்காரிக்கும் தெரியும். ஆறு வருஷமா நாலு சாயங்காலம் புள்ளைங்களைத் தனியாப் பாத்துக்கிட்டவ அவ. ஒரு நாளும் குத்திக் காட்டினது இல்ல. 'பாஸ் பண்ணிடுவீங்கல்ல?'ன்னு கேட்டதும் இல்ல. கேட்டிருந்தாக் கூடத் தேவலைன்னு தோணும்.

புராஜெக்ட்டுக்கு விஷயம் எங்க வீட்டு டிவியிலேர்ந்தே வந்துச்சு. எங்க அடுக்குமாடி பிளாக்குக்கு எதிர்ல புதுசா ஒரு பிளாக் எழும்பிச்சு. அது பத்தாவது மாடியைத் தாண்டினதும் எங்க டிவியில எல்லாருக்கும் ஒரு நிழல் கூடவே வர ஆரம்பிச்சுது. கதாநாயகி ஒருத்தி, அவளுக்குப் பக்கத்துல மங்கலா இன்னொருத்தி. நியூஸ் வாசிக்கிறவருக்கு நாலு காது. டிவி ஸ்டேஷன்லேர்ந்து நேரா வர்ற அலை ஒண்ணு, எதிர் பிளாக் சுவத்துல முட்டிக் கொஞ்சம் லேட்டா வர்றது இன்னொண்ணு. அதான் அந்த நிழல், ரேடியோக்காரங்க பாஷையில 'ஆவி'. ஒரு நாளு காரிடார்ல நின்னு நாலு வீட்டுக்காரங்க இதைப் பத்திப் புலம்பிக்கிட்டு இருந்தாங்க. நான் சும்மா போயிருக்கலாம். "அலை எப்படி வருதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, ஏரியலை எங்க வைக்கணும்னு சொல்லிடறேன்லா"ன்னு சொல்லி வெச்சேன். அதையே போய் லெக்சரர்கிட்டயும் சொன்னேன். சீனர், ரொம்பக் கம்மியாப் பேசுவார். முழு தோ பாயோவையும் கணக்குப் போடறேன்னு நான் ஆரம்பிச்சதும் அவர் ஒரு தாளை எடுத்து அறுபதுக்கு அறுபது கட்டம் வரைஞ்சு, நடுவுல ஒரே ஒரு கோடு இழுத்தார். இதான் சுவர், இதை மட்டும் செய், போதும்னுட்டார். தோ பாயோவுல மிச்சம் இருந்த பிளாக்கெல்லாம் தப்பிச்சுது.

இந்தக் கணக்கு எப்படின்னா, ரொம்ப சுலபம். அப்படித்தான் நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒரு நீளமான காரிடார்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டுல மட்டும் விசாரிப்பா. 'உங்க வீட்டுல என்ன விசேஷம்?' அவ்வளவுதான். பத்தாவது வீட்டுக்காரியை அவ பார்த்ததே இல்ல. ஆனா மொதல் வீட்டுல சண்டைன்னா கொஞ்ச நேரத்துல கடைசி வீடு வரைக்கும் தெரிஞ்சுடும். அலையும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்துலயும் மின்சாரத்துக்கு ஒரு நம்பர், காந்தத்துக்கு ஒரு நம்பர். மின்சாரம் பக்கத்துல இருக்கிற காந்தத்தை விசாரிச்சுட்டுத் தன்னை மாத்திக்கும். அடுத்து காந்தம் பக்கத்துல இருக்கிற மின்சாரத்தை விசாரிச்சுட்டுத் தன்னை மாத்திக்கும். இப்படி மாத்தி மாத்திப் பண்ணிக்கிட்டே இருந்தா, நம்பரெல்லாம் சேர்ந்து அலையா நகரும். ஒவ்வொரு ரவுண்டு விசாரிப்புக்கும் எவ்வளவு நேரம்னு நாமதான் கொடுக்கணும். அதுக்குப் பேரு டைம் ஸ்டெப்.

மொதல்ல ஒரே வரிசையில, அதாவது ஒத்தைக் காரிடார்ல, போட்டுப் பார்த்தேன். ஒரு ரவுண்டுல அலை சரியா ஒரு வீடு தாண்டற மாதிரி டைம் ஸ்டெப் ஒண்ணுன்னு கொடுத்தேன். அப்படியே பஸ்ஸு ஸ்டாப் ஸ்டாப்பாப் போற மாதிரி நம்பர் நகர்ந்துச்சு. ஒரு பிசிறு இல்ல. லெக்சரரே தலையை ஆட்டினார். அவர் தலை ஆடினது ஆறு வருஷத்துல அதான் மொதல் தடவை. எனக்குத் தலைகால் புரியல.

அந்தத் தெனாவட்டோட ரெண்டு பக்கம் உள்ள கணக்குக்குப் போனேன். வரிசை போய் இப்ப முழுத் தாளும் கட்டம். அதே டைம் ஸ்டெப் ஒண்ணு. நல்லா ஓடினதை எவனாவது மாத்துவானா? நம்பரையெல்லாம் தாள்ல படமா அடிக்கிற பகுதி மட்டும் எனக்கு எழுத வரல. கூடப் படிச்ச ஒரு பையன்கிட்டேர்ந்து காப்பி அடிச்சேன். அவன் படத்துல கறுப்பா தெரிய வேண்டிய இடத்துலெல்லாம் நட்சத்திரக் குறி வந்திருக்கும். நல்லாருந்துச்சு.

இப்ப இருக்கிற மாதிரி மேசை மேல கம்ப்யூட்டர் வெச்சுத் தட்டற காலம் இல்ல அது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு அட்டை, அதுல துளை போடணும். அட்டையெல்லாம் ஷூ டப்பா மாதிரி ஒரு பெட்டியில அடுக்கி ஜன்னல்ல கொடுத்துட்டு வந்துடணும். மறுநாளு போனா பெட்டியும், பச்சைக் கோடு போட்ட நீளத் தாள்ல விடையும் மடிச்சு வெச்சிருப்பாங்க. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு தமிழம்மா. என் வயசுதான் இருக்கும். உள்ள குளிர் தாங்காம எப்பவும் ஒரு சாம்பக் கலர் ஸ்வெட்டர், கழுத்துல சின்னச் சிலுவை. பெட்டியை வாங்குவாங்க, தாளைக் கொடுப்பாங்க, 'அடுத்த ஆளு'ம்பாங்க. மூணு வருஷத்துல அதுக்கு மேல அவங்க பேசி நான் கேட்டதில்ல. நான் பேச விட்டாத்தானே.

ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு பலகை உண்டு. யாரோட கணக்காவது தறிகெட்டு ஓடிக் கட்டுக்கட்டா தாளைத் தின்னுட்டா, அதோட மொதல் பக்கத்தைக் கிழிச்சு அங்க ஒட்டிடுவாங்க. அந்த மொதல் பக்கத்துல ஆளோட பேரு சாண் உசரத்துக்கு அச்சாகியிருக்கும். ஒரு வாரம் தொங்கும். இது அந்த ரூமோட சட்டம். வரிசையில நிக்கிற எல்லாருக்கும் அதான் பொழுதுபோக்கு. அதுக்கு நேர்முக வர்ணனை கொடுக்கிறது யாருன்னா, சாட்சாத் நான்தான். 'இந்த வார மாப்பிள்ளை யாருப்பா?'ன்னு ஆரம்பிப்பேன். 'இவன் தின்ன தாள்ல லிட்டில் இந்தியா முழுக்க வடை மடிச்சுக் கொடுக்கலாம்'பேன். பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பேரு தொங்கற பையனும் சிரிப்பான். அவன் சிரிக்கிறானேன்னு நான் இன்னும் ரெண்டு விடுவேன்.

என் ரெண்டு பக்கக் கணக்கு ஓடி வந்துச்சு. தாளைப் பிரிச்சேன். மொதல் பக்கத்துல நடுவுல ஒரு நம்பர். அடுத்த பக்கத்துல சுத்தி நாலு நம்பர். நாலஞ்சு பக்கம் தள்ளிப் பார்த்தா நடுவுல ஒரு நட்சத்திரக் கொத்து. அடுத்த பக்கத்துல அது கொஞ்சம் பெருசு. அப்படியே டைமண்ட் மாதிரி விரிஞ்சு விரிஞ்சு, சுவரையும் தாண்டி, கடைசியில தாள் முழுக்க நட்சத்திரம். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அலை! நான் பண்ணின அலை!

இன்னும் ரெண்டு தடவை ஓட்டக் கொடுத்தேன். சுவத்தை இந்தப் பக்கம் நகர்த்தி ஒண்ணு, அந்தப் பக்கம் நகர்த்தி ஒண்ணு. மொதல் ஒண்ணும் அதே நட்சத்திரமா வந்துச்சு, மத்தது இன்னும் கைக்கு வரல. சுவரு எங்க இருந்தாலும் ஒரே மாதிரி வருதேன்னு கொஞ்சமாவது யோசிக்க வேண்டாம்? யோசிக்கல. நான் ரொம்ப பிசி. ஜாலான் புசார் தேத்தண்ணிக் கடையில மேசை மேல தாளை விரிச்சு வெச்சு, கடைக்கார மாமாவுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம், முப்பது வருஷமா அங்க டீ ஆத்துறவர். நல்லாப் பார்த்துட்டு, "இதுல ஏரியலை எங்கப்பா வைக்கிறது?"ன்னு கேட்டார். அந்த ஊர்லயே சரியான கேள்வியைக் கேட்டது அவர் ஒருத்தர்தான். நான் அதையும் சிரிச்சே மழுப்பிட்டேன். வீட்டுல டிவிக்கு மேல ஒரு பக்கத்தை ஒட்டி வெச்சேன். காரிடார்க்காரங்க வந்து பார்த்துட்டுப் போனாங்க. வீட்டுக்காரி கொஞ்ச நேரம் நின்னு பார்த்தா. "அழகாத்தாங்க இருக்கு"ன்னா. ஆறு வருஷத்துக்கு இது போதும்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

லெக்சரர்கிட்ட இன்னும் காட்டல. மொத்தமா காட்டி அசத்தணும்னு திட்டம். திங்கக்கிழமை அவரும் இன்னொரு பெரியவரும் உக்காந்து பார்க்கிறதா ஏற்பாடு. அன்னிக்கு அவங்க சரின்னாத்தான் ரிப்போர்ட் எழுத விடுவாங்க. சனிக்கிழமை மத்தியானம் நான் மூணாவது ஓட்டத்தோட தாள்கட்டை வாங்க ஜன்னலுக்குப் போனேன். வரிசையில பத்து பேர். பலகையில ஒரு புதுப் பையனோட பேரு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வர்ணனையை ஆரம்பிச்சுட்டேன். நடுவுல திங்கக்கிழமைப் பெருமையும். 'வாங்கப்பா, வந்து பாருங்க, அங்கிளோட அலை எப்படி விரியுதுன்னு.'

என் முறை வந்துச்சு. அந்தம்மா பெட்டியைக் கொடுத்தாங்க, தாளைக் கொடுக்கல. "கடைசியில வாங்க அண்ணே"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்க என்னை அண்ணேன்னு கூப்பிட்டதே அதான் மொதல் தடவை. மத்த எல்லாரும் வாங்கிட்டுப் போற வரைக்கும் நின்னேன். கடைசிப் பையனும் படியேறிப் போனப்புறம் அவங்க ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல இருந்த கதவு திறந்துச்சு. உள்ள வரச் சொன்னாங்க. மாணவங்க உள்ள போகக் கூடாத ரூம் அது. நான் உள்ள போனதும் அந்தக் கதவையும் சாத்தினாங்க. மாட்டிக்கிட்டோம்டான்னு நெனச்சேன்.

என் தாளை மேசை மேல பிரிச்சு, ஒரு நட்சத்திரத்து மேல விரலை வெச்சாங்க.

"அண்ணே, இந்த நட்சத்திரம் நீங்க போடச் சொன்னதா?"

"ஆமா. அலைல்ல அது?"

"இல்ல அண்ணே. நம்பர் ரொம்பப் பெருசாகி, நீங்க விட்ட இடத்துல அடங்கலன்னா மெஷின் இப்படிப் போடும். எழுத முடியலன்னு அர்த்தம்."

நான் தாளைப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் நட்சத்திரம். பக்கத்துக்குப் பக்கம் மெஷின் 'முடியல, முடியல'ன்னு கத்தியிருக்கு. அதைத்தான் நான் டிவிக்கு மேல ஒட்டி வெச்சிருக்கேன். அந்தப் பையன் படத்துல அவன் வேணும்னே நட்சத்திரம் போடச் சொல்லி எழுதியிருந்தான். நான் காப்பி அடிச்சப்ப அந்த வரியை விட்டுட்டேன். அது வேற கதை.

வாய் சும்மா இருக்குமா. "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். கேட்ட தொனி நல்லா இல்ல. இன்னிக்கும் அது என் காதுல இருக்கு. தாள் கிழிச்சுக் கொடுக்கிறவங்களுக்கு என்ன தெரியும்கிற தொனி. ரிப்பேர் கடையில தட்டிப் பொழைக்கிறவன் பேசற பேச்சா அது?

அவங்க கோவிச்சுக்கல. "பத்து வருஷமா எல்லாரோட பேப்பரையும் கிழிச்சுக் கொடுக்கறேன் அண்ணே. என்ன கணக்குன்னு தெரியாது. எப்படிக் கெட்டுப் போகும்னு தெரியும்"னாங்க. உங்களை மாதிரியே கட்டம் கட்டமாக் கணக்குப் போடறவங்க முன்னாடியும் வந்திருக்காங்க, நட்சத்திரம் வரும், அடுத்த நாளு ஒரே ஒரு அட்டையை மட்டும் மாத்திட்டு வருவாங்க, அப்புறம் ஒழுங்கா நம்பர் வரும்னு சொன்னாங்க. எந்த அட்டைன்னு கேட்டேன். என் பெட்டியில விரலை ஓட்டி, பதினஞ்சாவதோ இருபதாவதோ இருந்த ஒண்ணை உருவி மேசையில வெச்சாங்க. டைம் ஸ்டெப் அட்டை. "இந்த நம்பரைச் சின்னதாக்குவாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும்."

அப்பத்தான் திறந்திருந்த மேசை டிராயரைப் பார்த்தேன். உள்ள ரெண்டு தாள் மடிச்சு வெச்சிருந்துச்சு. மேல சாண் உசரத்துக்கு என் பேரு. என்னோட முந்தின ரெண்டு ஓட்டத்தோட மொதல் பக்கம். ஒவ்வொண்ணும் முந்நூறு பக்கம் நட்சத்திரம். சட்டப்படி பலகையில தொங்கியிருக்கணும். தொங்கியிருந்தா 'இந்த வார மாப்பிள்ளை' நான்தான்.

"இதை ஏன் ஒட்டல?"ன்னு கேட்டேன்.

அவங்க டிராயரை மூடினாங்க. "ஒட்டினா நீங்கதான் மொதல்ல சிரிப்பீங்க அண்ணே. அதான் ஒட்டல."

  என்னை மூணு வருஷமா சிரிப்புக்காரன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்கன்னுதான் நான் நெனச்சிருந்தேன். அவங்க அந்த ஜன்னல் வழியா வேற ஆளைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. கடைசி பெஞ்சுல உக்காந்து, யாராவது தன்னைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னால தானே சிரிச்சுடணும்னு பயந்துக்கிட்டே இருக்கிற ஆளை. பலகையில பேரு தொங்கி, கூடவே சிரிச்ச பசங்க மொகமெல்லாம் அப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு.

மூலையில துளை போடற மெஷின் இருந்துச்சு. அதைக் காட்டினாங்க. நான் உக்காந்து ஒண்ணுக்குப் பதிலா அரைன்னு ஒரு புது அட்டை அடிச்சேன். தப்புத் தப்பா அடிச்சு மூணு அட்டை வீணாச்சு. இப்பவே ஓட்டறேன்னு பெட்டியை வாங்கிக்கிட்டாங்க. சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தாங்க. அவங்க சனிக்கிழமை தவறாம சர்ச்சுல நொவேனா ஜெபத்துக்குப் போறவங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்னிக்கு மொத வேளை ஜெபத்தை எனக்காக விட்டுட்டாங்க.

பிரிண்டர் அடிக்க ஆரம்பிச்சுது. அது போடற சத்தத்துல பேச முடியாது. நல்லதாப் போச்சு. தாள் ஒவ்வொண்ணா மேல ஏறி வந்து மடிஞ்சு விழுது. நடுவுல ஒரு நம்பர். சுத்தி நாலு. அப்புறம் எட்டு, பத்து. எல்லாம் சின்னச் சின்ன நம்பர், நட்சத்திரம் இல்ல. வாளித் தண்ணியில சொட்டு விழுந்த மாதிரி வளையமா விரியுது. சுவத்துக்கிட்ட வந்துச்சு. சுவத்துல முட்டுச்சு. அடுத்த பக்கத்துல, எதிர்ப் பக்கமாத் திரும்பி, கொஞ்சம் சின்னதா, இன்னொரு வளையம் கிளம்புது. அதான் எங்க வீட்டு டிவியில கதாநாயகிக்குப் பக்கத்துல நிக்கிற ஆவி! அது பொறக்கறதை நேர்ல பார்த்துக்கிட்டு இருக்கேன். சுவரோட ஓரத்தைச் சுத்தி வளைஞ்சு, பின்பக்கத்துக்கும் கொஞ்சம் போகுது. அந்தம்மா பக்கத்துல நின்னு பார்த்தாங்க. ஸ்வெட்டர் கையை இழுத்து விரலை மூடிக்கிட்டு, "இதான் அலையா அண்ணே? அழகா இருக்கு"ன்னாங்க. பத்து வருஷமா எத்தனையோ பேரோட கணக்கைக் கிழிச்சுக் கொடுத்தவங்களுக்கு அது என்னன்னு யாரும் நின்னு சொன்னதில்ல போல. நான் சொன்னேன். காரிடார், பக்கத்து வீட்டு விசாரிப்பு எல்லாம். இந்தத் தடவை தம்பட்டம் இல்லாம சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே குடைச்சல். ஓடுது சரி, ஏன் ஓடுது? 'அதை நீங்கதான் சொல்லணும்'னு சொல்லிட்டாங்களே. மறுபடி தட்டினா வேலை செய்யுதுங்கிற பழைய கதையா ஆயிடக் கூடாதேன்னு இருந்துச்சு. சாயங்காலம் வீட்டுக்காரி கோணத்துல இருக்கிற பிளாக்குக்கு ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு வரச் சொன்னா. எங்க பிளாக்குலேர்ந்து பார்த்தா அது குறுக்கால கிட்டத்துல இருக்கு. ஆனா நடுவுல லோங்காங். பெரிய சாக்கடைக் கால்வாய், தாண்ட முடியாது. நேராப் போய், அப்புறம் வலப்பக்கம் திரும்பிப் போகணும். சுத்து வழி. ஒரு காக்கா கால்வாய்க்குக் குறுக்கே பறந்து எனக்கு முன்னால அந்த பிளாக்குல போய் உக்காந்துச்சு. பாத்திரத்தோட அங்கயே நின்னுட்டேன்.

என் கட்டத்துலயும் அதே லோங்காங்தான்! ஒவ்வொரு வீடும் முன்ன, பின்ன, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு நாலு வீட்டைத்தான் விசாரிக்கும். கோணத்துல இருக்கிற வீட்டுக்குச் சேதி போகணும்னா ரெண்டு ரவுண்டு ஆகும். ஆனா நெசமான அலை காக்கா மாதிரி, குறுக்கே போயிடும். ஒத்தைக் காரிடார்ல குறுக்கு வழியே இல்ல, அதனால ஒண்ணு சரியா இருந்துச்சு. ரெண்டு பக்கம் வந்ததும், நான் கொடுத்த நேரத்துக்குள்ள அலை போய்ச் சேரணும், விசாரிப்பு இன்னும் போய்ச் சேரல. தெரியாத சேதியை வெச்சுக் கணக்குப் போட்டா வதந்திதான். வதந்தி பெருகினா நட்சத்திரம்தான். ரவுண்டுக்கு நேரத்தைக் கம்மி பண்ணினா விசாரிப்பு அலைக்கு முன்னால போய்ச் சேர்ந்துடும். அவ்வளவுதான் விஷயம். வீட்டுக்குப் போனப்ப பாத்திரம் என் கையிலயே இருந்துச்சு. வீட்டுக்காரி திருப்பி அனுப்பிட்டா.

திங்கக்கிழமை ரெண்டு பேரும் தாளைப் புரட்டினாங்க.  லெக்சரர் கேட்டது ஒரே கேள்வி. ஏன் அரை? எனக்கு அந்த இடத்துல சொல்றதுக்கு ஒரு நல்ல ஜோக் இருந்துச்சு. விட்டுட்டேன். லோங்காங்கைச் சொன்னேன், காக்காவைச் சொன்னேன். எந்தப் புஸ்தகத்துல படிச்சேன்னு அந்த இன்னொரு பெரியவர் கேட்டார். புஸ்தகம் இல்ல சார், மொதல்ல சொன்னது கீழ ஜன்னல்ல இருக்கிற அம்மா, இல்லன்னா நட்சத்திரத்தைத்தான் உங்களுக்குக் கொண்டாந்திருப்பேன்னு சொல்லி, பழைய நட்சத்திரத் தாள்கட்டையும் எடுத்து வெச்சேன். லெக்சரர் அதைப் பிரிச்சுப் பார்த்தார். அவர் சிரிச்சு நான் பார்த்த ஒரே தடவை அது. ரிப்போர்ட்டுல நன்றிப் பக்கத்துல அவங்க பேரு இருக்கணும்னு மட்டும் சொல்லி அனுப்பினார். அப்ப ரிப்போர்ட் எழுதலாம்னு அர்த்தம்.

வீட்டுக்கு வந்து மொத வேலையா டிவிக்கு மேல இருந்த தாளைக் கிழிக்கப் போனேன். வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். புதுத் தாளையும் காட்டினேன். ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "பழசே இருக்கட்டுங்க. இது ஏதோ லாட்டரி ரிசல்ட் மாதிரி இருக்கு"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, அடுப்படியிலேர்ந்து, "அப்ப பாஸ்தானே?"ன்னு ஒரு குரல். ஆறு வருஷமா கேக்காத கேள்வி. ஆமான்னேன். அவ வெளிய வரல. கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

கணக்கு சொன்ன இடத்துல ஏரியலை வெச்சேன். ஆவி ஒண்ணு ரெண்டாச்சு. ஒத்தைச் சுவருக்குப் போட்ட கணக்கு தோ பாயோவுக்குப் பத்துமா? கடைசியில வீட்டுக்காரி துணி காயப் போடற மூங்கில் கம்பு நுனியில ஏரியலைக் கட்டி, ஜன்னலுக்கு வெளிய நீட்டி, அப்படி இப்படித் திருப்பினா. கதாநாயகி ஒருத்தியா ஆயிட்டா. காரிடார்ல பேரு எனக்குத்தான்.

ரிப்போர்ட்டை எல்லாம் கொடுத்து முடிச்சப்புறம், நன்றிப் பக்கத்தோட ஒரு பிரதியை எடுத்துக்கிட்டு ஜன்னலுக்குப் போனேன். அன்னிக்கும் வரிசை நீளம். அந்தம்மா வாங்கிப் படிச்சாங்க. மொகத்துல ஒண்ணும் தெரியல. மடிச்சு ஸ்வெட்டர் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு, "அடுத்த ஆளு"ன்னுட்டாங்க. சரி, அவ்வளவுதான்னு திரும்பினேன்.

திரும்பினா, பலகையில என் பேரு. சாண் உசரத்துக்கு.  கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த மொதல் பக்கத்துக்குக் கீழ இன்னொரு தாள். அலை சுவத்துல முட்டித் திரும்பற பக்கம். ரெண்டு வளையமும் சுத்தமா, நம்பர் நம்பரா. நான் விட்டுட்டுப் போயிருந்த அட்டைப் பெட்டியை அவங்களா மறுபடி ஒரு தடவை ஓட்டி எடுத்திருக்காங்க. பலகையில வேற யாரு பேரும் இல்ல. ரெண்டு மூணு பசங்க நின்னு, விரலை வெச்சு வளையத்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் திரும்பி, 'அங்கிள், இது எப்படிப் பண்ணீங்க?'ன்னு கேட்டான். யாரும் சிரிக்கல. எனக்கும் சொல்ல ஒரு ஜோக்கும் கிடைக்கல.

இப்ப எனக்கு அம்பது தாண்டிடுச்சு, அதே பட்டறையில எனக்குக் கீழ எட்டு பேரு வேலை பாக்கறாங்க. யாராவது சொதப்பிட்டு, மொகத்துல ஒரு அசட்டுச் சிரிப்போட என் முன்னால வந்து நின்னா, என் வாயில ஜோக்கு இன்னமும் மொதல்ல வந்து நிக்கத்தான் செய்யுது. ஆனா நான் எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்து உக்கார்றதுக்குள்ள, அந்த ஜோக்கு மறந்து போயிடுது.